அக்காவுக்குப் பின்னால்

எல்லைக் கோட்டைத் தாண்டி, முழங்கால்களில் கைவைத்துக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதுதான், தனக்குப் பின்னால் யாருமே வரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

மலைப்பாதை ஓட்டங்களில் வழி தெரிவதற்காகக் கிளைகளில் சிவப்பு நாடா கட்டியிருப்பார்கள். கடைசி ஆளும் கடந்துபோன பிறகு ஒரு தொண்டர் பின்னாலேயே நடந்து அவற்றை அவிழ்த்துக்கொண்டு வருவார். காட்டின் பாதித் தொலைவுக்கு மேல் அந்தச் சத்தம் அவள் காதில் இருந்துகொண்டே இருந்தது. முடிச்சு இறுகி அவிழும்போது எழும் ஒரு சின்னக் கிறீச், கிளை விடுபட்டு மேலே எகிறும் சலசலப்பு, அதற்கு நடுவில் அவசரமே இல்லாத ஒரு மூச்சு. மூன்று முறை குட்டையாக இழுத்து, ஒரே முறை நீளமாக விடுகிற மூச்சு. பாவம், ஆஸ்துமா போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். நம்மால் அந்த மனிதருக்கும் தாமதம் என்று வெட்கப்பட்டுக் கொஞ்சம் வேகமாகக்கூட ஓடினாள்.

"நாடா அவிழ்க்கிறவர் எங்க சார்? என் பின்னாடியேதானே வந்தாரு?"

கழுத்தில் விசில் தொங்க நின்றிருந்த அமைப்பாளர் கையிலிருந்த தேநீரை ஊதினார். "அவரு அப்பவே கீழ வந்துட்டாரும்மா. ஒருத்தருக்குக் கால் சுளுக்கிக்கிச்சு, ஜீப்ல ஏத்திக் கூட்டிட்டு வந்தாரு. நாடாவெல்லாம் நாளைக்குத்தான் அவுக்கணும். உங்களுக்குப் பின்னாடி யாரும் இல்லையே."

அவளுக்குச் சற்று முன்னால் ஓட்டத்தை முடித்திருந்த அக்கா, துவாலையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிரமையா இருக்கும், போய்த் தண்ணியக் குடி என்றுதான் அக்கா சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா அப்படிச் சொல்லவில்லை. கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு பக்கத்துல கேட்டுச்சு?" என்றாள்.

இந்த ஓட்டத்துக்கெல்லாம் அவளை இழுத்து வந்ததே அக்காதான். தங்கையோ மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். காலையிலிருந்து மாலை வரை இயந்திரத்தின் முன் குனிந்தே இருந்து முதுகு வளைந்துபோயிருந்தது. மகள் பிறந்த பிறகு ஏறிய எடை இறங்கவே இல்லை. கண்ணாடியில் தன்னைப் பார்ப்பதைக்கூட விட்டிருந்தாள். போட்டிப் பருவம் தொடங்கும் முன் ஒருநாள் அக்கா காலணிப் பெட்டியோடு வந்து, "சின்னு, எழுந்திரு. இந்த வருஷம் நீயும் நானும் ஜோடியா ஓடுறோம்" என்றாள். அக்கா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். கணவன் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் ஒற்றை ஆளாக வளர்க்கிறவள். அவளுக்கே நேரமில்லாதபோது தனக்காக விடியற்காலையில் வந்து நிற்கிறாளே என்று தங்கைக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பயிற்சி முடிந்தால் அக்கா அவள் காலை மடியில் தூக்கிப்போட்டுத் தைலம் தேய்ப்பாள். பையைக்கூடத் தூக்க விடமாட்டாள். "எங்கிட்ட குடு, நீ லேசா ஓடு" என்பாள்.

"உங்கக்கா உன்ன ஒலிம்பிக்ஸ் அனுப்பாம விடமாட்டாங்க போல" என்று அவளுடைய கணவன் கேலி செய்வான்.

அந்த முதல் ஓட்டத்துக்குப் பிறகு அக்காவின் முகத்தில் ஒரு தெளிவு வந்ததையும் அவள் கவனிக்காமலில்லை. பல மாதங்களாகக் கண்ணுக்குக் கீழே இருந்த கருமை மறைந்தது. நன்றாகத் தூங்கி எழுந்தவளின் முகம். ஓட்டம் அக்காவுக்கும் ஒத்துக்கொள்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

இரண்டாவது, காட்டுப் பாதையில் சைக்கிள் போட்டி. முந்தைய நாள் மழையில் மண் கூழாகிக் கிடந்தது. டயரும் சங்கிலியும் சேற்றை அரைக்கிற சத்தத்தில் வேறெதுவும் கேட்காது என்ற தைரியத்தில் ஏற்றம் முழுவதையும் மிதித்துக் கடந்தாள். இறக்கம் வந்ததும் மிதிப்பதை நிறுத்தினாள். பின் சக்கரம் டிக் டிக்கென்று தானாகச் சுழலத் தொடங்கியது. பழகிய, சுகமான சத்தம். வளைவில் பிரேக்கைப் பிடித்து நின்றாள். அவளுடைய சக்கரம் ஓய்ந்தது. டிக் டிக் ஓயவில்லை. மூடுபனிக்குள் எங்கிருந்தோ, நிதானமாக, இன்னொரு சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. நனைந்த துணியை நாள்கணக்கில் பெட்டிக்குள் பூட்டிவைத்துத் திறந்தால் வருமே, அந்த வாடை. அதோடு அந்த மூச்சு. மூன்று குட்டை, ஒரு நீளம்.

அவள் பாய்ந்து மிதித்தாள். முன்னால் அக்காவின் சிவப்புச் சட்டை தெரிந்தது. "அக்கா, வழி விடு. நான் முன்னாடி போறேன்" என்று கத்தினாள். பாதை இருவர் போகும் அளவுக்கு அகலமாகத்தான் இருந்தது. அக்கா திரும்பிப் பார்த்தாள். நன்றாக, முகத்துக்கு நேராகப் பார்த்தாள். பிறகு சைக்கிளை நடுவழிக்குக் கொண்டுவந்தாள். ஒதுங்கி முந்தப் பார்த்தபோது அக்காவின் முழங்கை நீண்டு அவள் விலாவில் இடித்தது. அவள் கைப்பிடியில் வாய் மோத விழுந்தாள். முன்பல் ஓரம் உடைந்து நாக்கில் உப்புக் கரித்தது.

"சறுக்கிடுச்சுடி, சத்தியமா நான் பாக்கல" என்று பிறகு அக்கா அழுதாள். அழுகையில் பொய் இல்லை. அதனால் அவளும் நம்பினாள்.

பல்லைக் காட்டப் பக்கத்துத் தெருப் பல் டாக்டரிடம் போகிறேன் என்றபோது மட்டும் அக்கா, "அங்க வேணாம். வேற யார்கிட்டயாவது போ" என்றாள். காரணம் கேட்டதற்கு, "சொன்னாக் கேளு" என்பதோடு சரி. ஆனால் கடைக்கு நடந்துபோகும் வழியில் இருந்தது அந்த ஒரு பல் மருத்துவமனைதான்.

சுத்தமான இடம். வெள்ளைச் சுவர், மீன் தொட்டி, வாரப் பத்திரிகைகள். வரவேற்பில் இருந்த பெண் தன் நாற்காலியை மேசையை விட்டு நகர்த்தி, முதுகு சுவரில் ஒட்டும்படி போட்டு உட்கார்ந்திருந்தாள். சுவரில் ஓட்டப் போட்டியில் எடுத்த ஒரு படம் மாட்டியிருந்தது. எல்லைக் கோட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி அக்கா. "இது எங்கக்கா" என்றாள் அவள்.

"டாக்டரும் உங்கக்காவும் போன வருஷம் ஜோடியா ஓடினாங்களே, தெரியாதா?" என்றாள் வரவேற்புப் பெண். "அதுக்கப்புறம் டாக்டர் ஓடுறதையே விட்டுட்டாங்க. பேச்சும் கொறஞ்சுபோச்சு. வேலை மட்டும் முன்ன விட சுத்தம்." பிறகு, ஏதோ வேடிக்கையைச் சொல்வதுபோலச் சிரித்தாள். "ஒரே ஒரு பழக்கம்தான். சத்தமில்லாம வந்து நமக்குப் பின்னாடி நின்னுக்குவாங்க. அதான் நாற்காலிய இப்படிப் போட்டுட்டேன்."

நாற்காலியில் மல்லாந்து படுக்கவைத்தார்கள். விளக்கு கண்ணைக் கூசவைத்தது. டாக்டர் அவள் தலைக்குப் பின்னால் வந்து நின்றார். கையுறை போட்ட விரல் தாடையைத் திறந்தது. அந்த விரலில் சூடே இல்லை. முகக்கவசத்துக்குள்ளிருந்து மூச்சு வந்தது.

குட்டையாக. குட்டையாக. குட்டையாக.

பிறகு, நீளமாக.

அவள் எழுந்து ஓடியதில் தட்டும் கருவிகளும் உருண்டன. வாசல் வரை போய்த் திரும்பியபோது, டாக்டர் அந்தக் காலி நாற்காலிக்குப் பின்னாலேயே, விரல்களை அதே உயரத்தில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

அன்று மாலையே அக்காவின் வீட்டுக்குப் போனாள். பிள்ளைகள் உள்ளே பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"போன வருஷம் உன்கூட ஓடினது அந்த டாக்டர்னு ஏன் சொல்லல?"

அக்கா மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள்.

"அவங்களுக்கு என்னக்கா ஆச்சு?"

"அவங்களுக்கு உடம்பு சரியில்ல, சின்னு. அவ்வளவுதான்." அக்கா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "இன்னும் ஒரே ஒரு போட்டி. அதோட ரெண்டு பேரும் விட்டுடுவோம். இப்ப நிறுத்தினா உனக்கு வாழ்க்கை முழுக்க அந்தப் பயம் இருக்கும். இந்தத் தடவ நீ முன்னாடி போ. நான் உன் பின்னாடியே வர்றேன். உன் பின்னாடி நான் இருக்கும்போது வேற யாரு வர முடியும்?"

சின்ன வயதில் இருட்டு மாடிப்படியில் அவளை முன்னால் விட்டு, பின்னால் ஏறி வந்த அக்கா இவள்தான். அந்த வார்த்தைக்கு அவள் மடங்கிப்போனாள்.

கடைசிப் போட்டியில் சைக்கிளில் மலை ஏறி, உச்சியில் அதை விட்டுவிட்டு மறுபக்கம் ஓடி இறங்க வேண்டும். அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஏற்றம் முழுவதும் பின்னாலேயே வந்தாள். பின்னால் அக்காவின் சங்கிலிச் சத்தம், அக்காவின் இருமல், "நல்லா மிதி, அப்படித்தான்" என்கிற அக்காவின் குரல். வேறு எதுவுமே இல்லை. பருவம் தொடங்கியதிலிருந்து முதல்முறையாக அவளுக்குக் காடு அழகாகத் தெரிந்தது. நிதானமாகப் போகலாம் என்று அக்கா சொல்லச் சொல்ல, மற்றவர்கள் எல்லாரும் அவர்களைக் கடந்துபோனார்கள். அவர்கள் உச்சிக்கு வந்தபோது அங்கே சாய்த்துவைத்த சைக்கிள்கள் மட்டும்தான் இருந்தன. பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

ஓட்டக் காலணிகள் இரண்டு ஜோடியும் அக்காவின் பையில் இருந்தன. அக்கா உட்கார்ந்து தன் காலணிகளை மாட்டி, நாடாவை இழுத்துக் கட்டினாள். அவளும் சைக்கிள் காலணிகளைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினாள்.

அக்கா பையின் ஜிப்பை மூடினாள்.

"என்னக்கா, விளையாடுறியா?"

அக்கா எழுந்து பையை முதுகில் மாட்டிக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. குரல் மட்டும் உடையவில்லை.

"போன வருஷம் அது என் பின்னாடிதான் வந்துச்சு. டாக்டரம்மா நல்லவங்க, நீ முன்னாடி போன்னு வழி விட்டாங்க. அது அவங்களப் பிடிச்சுக்கிச்சு. அதோட போயிடும்னு நினைச்சேன். போகல. வீட்டு மாடிப்படியில, ஆஸ்பத்திரி வராண்டாவுல, எங்க போனாலும் கேட்டுச்சு. நீ ஓட வந்தப்புறம்தான் நான் தூங்கினேன், சின்னு."

"அக்கா, எனக்கும் பொண்ணு இருக்கா."

"உன் பொண்ணுக்கு அவ அப்பா இருக்காரு. என் பிள்ளைங்களுக்கு யாரு இருக்கா?" அக்கா பின்னோக்கி இரண்டடி வைத்தாள். "நீ வீட்டுக்கு வந்துடுவ. டாக்டரம்மா வரலையா? வேலைக்குப் போறாங்க, வீட்டப் பாத்துக்கறாங்க. யாருக்கும் ஒரு குறையும் தெரியாது."

அக்கா ஓடினாள். பனிக்குள் அந்தச் சிவப்புச் சட்டை ஒரு புள்ளியாகி மறைந்தது. அதன் பிறகு அவளுக்குக் கேட்டது, முடிச்சு அவிழும் கிறீச். ஆனால் பின்னாலிருந்து இல்லை. முன்னாலிருந்து. போகிற வழியில் ஒவ்வொரு கிளையிலும் நின்று, நாடாக்களை அவிழ்த்துக்கொண்டே போனாள் அக்கா.

அவள் சைக்கிள் காலணிகளையே மறுபடி மாட்டிக்கொண்டு ஓடினாள். பெடலில் பூட்டிக்கொள்ள அடியில் வைத்திருந்த இரும்புக் கட்டைகள் பாறையில் வழுக்கின. முதல் திருப்பத்திலேயே விழுந்தாள். கழற்றி எறிந்துவிட்டுக் காலுறையோடு ஓடினாள். கல் குத்தியது. பாதை இரண்டாகப் பிரிந்தது. எந்தக் கிளையிலும் நாடா இல்லை. இடப்பக்கம் போனாள். அது மறுபடி பிரிந்தது. அக்கா, அக்கா என்று கூப்பிட்டாள். அம்மா என்று கூப்பிட்டாள். பனி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

பூட்டிய பெட்டியின் வாடை.

அவள் நின்றாள். திரும்பவில்லை. திரும்பக் கூடாது.

குட்டையாக. பிடரிக்குப் பின்னால்.

குட்டையாக. காதுக்குப் பக்கத்தில்.

குட்டையாக.

நீளமான மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. அதில் சூடே இல்லை.

அது அவளைத் தொடவில்லை. கடந்து போனது. பனிக்குள் இறங்கிச் செல்லும் அதன் முதுகை அவள் பார்த்தாள். அவளுடைய மஞ்சள் சட்டை. அவளுடைய எண். அவளுடைய பின்னல். இடக்கையை மார்போடு ஒட்டிவைத்து ஓடும் அவளுடைய ஓட்டம்.

அவள் அதன் பின்னால் ஓடினாள். ஓடுவதாகத்தான் நினைத்தாள். கல் இப்போது குத்தவில்லை. காலடி கேட்கவில்லை. ஒரு பாறை விளிம்பில் பாதை முடிந்தது. அங்கே பனி விலகியிருந்தது. கல்லெறி தூரத்தில், நேர் கீழே, மைதானம். ஒலிபெருக்கி. கைதட்டல்.

எல்லைக் கோட்டுக்கு முன்னால் அக்கா நின்று காத்திருந்தாள். மஞ்சள் சட்டை வந்ததும், அதன் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினாள். இருவரும் கைகோத்துக் கோட்டைத் தாண்டினார்கள்.

அவள் கத்த வாயைத் திறந்தாள். மூச்சுதான் வந்தது.

கணவன் துவாலையோடு ஓடிவந்து அதன் தோளில் போர்த்தினான். ஏதோ சொல்லிச் சிரித்தான். அவனுக்கும் முன்னால் ஓடிய மகள் அதன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அது குனிந்து, நிதானமாக, மகளைத் தூக்கியது.

மகள் அதன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. பிறகு, கீழே இறங்கப் பார்த்தாள்.

அது கையைத் தளர்த்தவில்லை.