தொண்ணூற்றொரு சதவீதம்

பூமிக்குப் போகும் கப்பலில் வருடத்துக்கு ஒரே ஓர் இருக்கைதான் காலியாகும். அது யாருக்கு என்பதைச் செவ்வாயில் போக்கர் ஆடித்தான் தீர்மானித்தார்கள். முன்பு பரீட்சை வைத்துப் பார்த்தார்கள், பணிமூப்பு பார்த்தார்கள், இரண்டிலும் அடிதடி. சீட்டாட்டம் வந்தபின் அடிதடி நின்று, புகார் மனுக்கள் குவியத் தொடங்கின.

அவற்றை வாங்கிக்கொள்ள நியமிக்கப்பட்டவள் இசக்கியம்மாள். குடியேறிய எல்லோர் காதுக்குப் பின்னாலும் ஒரு வாய்ப்புமானியைப் பதித்திருந்தார்கள். எந்தக் காரியத்திலும் ஜெயிக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று அது காதுக்குள் சொல்லும். அதைக் கேட்டபிறகு தோற்றவன் சும்மா இருப்பானா? அவள் பிராணனைத்தான் வாங்குவான்.

தண்ணீர் சுத்திகரிப்பு மெக்கானிக் தவசிமுத்து பதினோரு வருடமாக வாங்கினான். பூமியில் விட்டுவந்த மகளுக்கு இரண்டு வருடம் கழித்துக் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்ததால், பதினோராவது முறை மேசையையும் குத்தினான்.

"கடைசிச் சீட்டு ஒண்ணுதான் மேடம் பாக்கி. எனக்குத் தொண்ணூத்தொண்ணு, எதிர்ல ஆடினவனுக்கு வெறும் ஒம்போது. அவன் ஜெயிக்கிறான்! சீட்டுக் கலைக்கிற மிஷின்ல ஏதோ கோளாறு."

இசக்கியம்மாளுக்குத் தலை வலித்தது. பதிவுகளைத் திரையில் காட்டினாள்.

"இதே நெலமையில இருபத்திரெண்டு தடவ ஆடியிருக்கீங்க. இருபதுல ஜெயிச்சிருக்கீங்க, ரெண்டுலதான் தோல்வி. சரியாத்தானங்க இருக்கு?"

"அந்த இருபது நான் ஆடினது மேடம். இந்த ரெண்டும் என் தலையெழுத்து."

மறு வருடம் இறுதி ஆட்டத்தில், தவசிமுத்து ஒன்பதே சதவீதத்தை வைத்துக்கொண்டு வெல்டர் குணவதியைத் தோற்கடித்தான். பாசி லட்டுப் பெட்டியோடு வந்தான்.

"அதிர்ஷ்டம்னு பேசிக்கிறாங்க மேடம். ஆடத் தெரியணும்!"

தொல்லை விட்டது என்று இசக்கியம்மாள் ஏவுதளம் வரை போய் வழியனுப்பினாள். தவசிமுத்து கல்யாணப் பட்டு வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு இடுப்புப் பட்டையை மாட்டினான். வாய்ப்புமானி வழக்கம்போல் காதுக்குள் சொன்னது: பத்திரமாகப் போய்ச்சேர வாய்ப்பு, தொண்ணூற்றொரு சதவீதம்.

"ஐயையோ, மிச்சம் ஒம்போது இருக்கே!" என்று அலறினான். "கதவத் தொறங்க! நான் எறங்கணும்!"

இசக்கியம்மாள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பட்டு வேட்டி கீழே விழுந்தது கூடத் தெரியாமல் இறங்கி ஓடினான். இருக்கை குணவதிக்குப் போனது.

புறப்பட்ட எட்டாம் மாதம் கப்பல் பத்திரமாகப் பூமியில் இறங்கியதாகச் செய்தி வந்தது. குணவதி அவன் மகள் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படமும் அனுப்பியிருந்தாள். மறுநாள் காலையில் இசக்கியம்மாள் அலுவலகக் கதவைத் திறந்தபோது, கண் சிவந்து தவசிமுத்து நின்றுகொண்டிருந்தான்.

"மனு எழுதணும் மேடம்."

எரிச்சலை விழுங்கிக்கொண்டு படிவத்தை எடுத்தாள். "என்ன புகார்னு எழுத?"

"தொண்ணூத்தொண்ணு ஜெயிச்சிருச்சு. எனக்கு மட்டும் ஏன் மேடம் இப்படி நடக்குது?"