மண்டபத்தில் ஓர் இடம்

கூடல்புரத்தில் காலையில் எழுந்ததும் சுவரைத் தட்டி வானிலையைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு தட்டுக்குத் தூறல், இரண்டு தட்டுக்கு இளவெயில். நாற்பது மாடிக் கூடுகளில் நாலு தலைமுறையாக இப்படியே காப்பி குடித்துப் பழகிய ஜனங்களுக்கு அசல் வானம் ஏதோ தூரத்துச் சொந்தம். இருக்கிறது என்று தெரியும், போய்ப் பார்த்ததில்லை.

அந்த ஊரின் நடுவில் ஓர் அரண்மனை. எழுநூறு வயது. ராஜாக்கள் போன பிறகு சர்க்கார் கச்சேரி, சரக்குக் கிட்டங்கி என்று என்னென்னவோ ஆகி, கடைசி நூறு வருஷம் ஊராரின் புகைப்படங்களைச் சேமிக்கும் நினைவுக்கிடங்காகக் கிடந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்காத படங்கள், கோடி கோடி! அவற்றைக் காலிபண்ண வைத்து, பதினோரு வருஷம் மல்லுக்கட்டி அரண்மனையை மீட்டவள் திலகவதி என்கிற கட்டடப் பொறியாளர். எறும்பளவு இயந்திரங்களை விட்டு ஏழு அடுக்குப் பெயிண்டைச் சுரண்டினாள். சுண்ணாம்போடு கடுக்காய்ச் சாறும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் பூசினாள். இனி அங்கே கதவில்லை, சீட்டில்லை. யாரும் வரலாம், கால் நீட்டிப் படுக்கலாம்.

நகர ஆணையர் செந்தட்டியப்பன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். திறப்பு நாளன்று பகல் பன்னிரண்டுக்குள் ஆயிரம் பேராவது வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி கிடங்குதான். எண்ணுவதற்கு முகப்பில் மூச்சுமானி பொருத்தினார்கள். மனித மூச்சை மட்டும்தான் அது எண்ணும்.

அன்று காலை ஆறு மணிக்கே மண்டபம் நிறைந்திருந்தது. தூணுக்குத் தூண் தலைகள். திலகவதிக்கு அழுகையே வந்துவிட்டது, பாவம். கிட்டப் போய்ப் பார்த்தால் அத்தனையும் ஏவலிகள்! கடைக்குப் போக, துணி மடிக்க என்று வீட்டுக்கு வீடு வைத்திருக்கும் இயந்திர வேலையாட்கள். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி நாலு துண்டை விரித்துப் போட்டுக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. மூச்சுமானி ஒன்று என்று காட்டியது. அது அவள் மூச்சு.

"இங்கே உட்காரலாமா?" என்று ஒன்றிடம் கேட்டாள்.

"ஆள் வராங்கம்மா," என்றது அது, மரியாதையாக.

எப்போது வருவார்கள் என்று அதற்குத் தெரியவில்லை. திலகவதி வீடு வீடாகக் கூப்பிட்டுப் பேசினாள். எல்லா வீட்டிலும் ஒரே பதில். சுவரில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், என்ன கூட்டம், அதுதான் துண்டு போட்டாயிற்றே, கொஞ்சம் குறையட்டும், வருகிறோம். அந்தக் கூட்டமே நீங்கள் அனுப்பியதுதான் என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தாள். நாங்கள் அனுப்பியது ஒன்றுதானே என்றார்கள்.

ஏழு மணிக்கு வெயில் உள்ளே வந்தது. முதல் தூணின் வெள்ளைப் பூச்சு பாலாடைபோல மினுங்கிற்று. அது அடுத்த தூணுக்குக் கொடுக்க, அது அதற்கடுத்ததற்குக் கொடுக்க, இருநூற்று நாற்பது தூண்களும் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. ஐம்பது அடி உயரத்தில் விதானம் முழுக்கப் பொன்னாகியது. எவனோ ஒரு சிற்பி செய்துவைத்த யாளிகள் வரிசையாக வாய் திறந்து வெளிச்சத்தைக் குடித்தன. பதினோரு வருஷம் அங்கேயே கிடந்தவள்தான் திலகவதி. ஆனாலும் அவளுக்கு மூச்சு நின்றுபோயிற்று. மூச்சுமானியே ஒரு கணம் பூஜ்யம் காட்டியது. இதைக் கட்டியவனும் நம்மைப்போல மனுஷன்தானா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. பார்க்க ஆளில்லையே என்று வாய்விட்டு அழுதாள்.

பன்னிரண்டு மணிக்கு ஆணையர் மண்டபத்தை மூட வந்தார். வந்தவர் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார். பத்து நிமிஷம் அண்ணாந்தபடி நின்றார். ஆனாலும் உத்தரவு உத்தரவுதானே? ஏவலிகளை எழுந்து போகச் சொன்னார்.

அவ்வளவுதான், ஊரே கொதித்துவிட்டது. ஒரு நிமிஷத்தில் நாற்பதாயிரம் புகார்கள். எங்கள் இடத்தில் கைவைக்க நீ யார் என்று கேட்டார்கள், ஒருநாள்கூட எட்டிப் பார்க்காத அத்தனை பேரும். ஆணையர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மக்கள் இவ்வளவு பற்று வைத்திருக்கும் பொதுவிடத்தை எக்காலத்திலும் மூடக்கூடாது என்று அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டார். அரண்மனை பிழைத்தது.

திலகவதிக்குக் கால் கடுத்தது, காலையிலிருந்து நிற்கிறாளே. கிழக்கு மூலைத் தூணடியில் ஓர் ஆள் உட்கார இடம் காலியாக இருந்தது. மண்டபத்திலேயே மிச்சம் அதுதான். அவள் மெல்ல அங்கே போனாள்.

ஆணையர் முந்திக்கொண்டு கைக்குட்டையை உதறி அதில் விரித்தார்.

"வீட்ல எல்லாருக்கும் இதைக் காட்டணும்மா. நாளைக்கு இல்லேன்னா நாளான்னைக்குக் கூட்டிட்டு வரேன். யாரும் உக்காந்துடாமப் பாத்துக்குங்க," என்று கண் கலங்கச் சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.