நகம் தெரியாத விரல்

படத்தில் ஒரு விரல் இருந்தது.

புத்தகப் பக்கத்தின் கீழோரத்தில், யாரோ ஒரு காலத்தில் மையால் வரைந்து வைத்த சோலைச்செடியின் வேருக்குப் பக்கத்திலேயே, கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிற பிள்ளை மாதிரி, விரல்நுனி மட்டும். அதைப் பார்த்ததும் சுசித்ராவுக்குப் பயம் வந்திருக்க வேண்டும் மக்களா. வரவில்லை. கோபம்தான் வந்தது. அவளுக்கு எது வந்தாலும் முதலில் கோபமாகத்தான் வரும்.

கொடைக்கானல் மேட்டில் இருக்கிற அரசாங்க ஆராய்ச்சி நூலகத்தில் அவள் மேற்பார்வை நூலகர். மலைச்செடிகளைப் பற்றிய பழைய படத்தொகுதிகளை எல்லாம் படமெடுத்துக் கணினியில் ஏற்றுகிற திட்டம் அவள் தலையில் இருந்தது. காலையில்தான் சென்னையிலிருந்து மேலதிகாரி போனில் காய்ச்சி எடுத்திருந்தார். "பக்கத்துக்குப் பக்கம் விரல அனுப்புறீங்களே, நாங்க என்ன கைரேகை ஜோசியமா பாக்குறோம்?" நாளைக்கு வெள்ளனே ஆய்வுக்கு வேறு வருகிறார்கள். திட்டம் நீளுமா நிற்குமா என்பது அதில்தான் இருக்கிறது.

"கூப்பிடுங்க அந்த மகாராணிய" என்றாள்.

உதவி நூலகர் ஹரிகிருஷ்ணன் எழுந்து போய், ஸ்கேன் அறைக் கதவைத் தட்டி, "மகாராணி, சபை கூடிருச்சு, வெரசா வாங்க!" என்றார். அந்தப் பெயரை வைத்து அவர் அடிக்கிற அதே கேலி. அவள் எப்போதும் சிரிப்பாள். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

மகாராணி பூண்டி ஊர்க்காரப் பெண். ஒப்பந்தக் கூலி. விடிவதற்குள் காட்டு வேலையை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள், அதனால் எத்தனை சோப்புப் போட்டாலும் அவள் கையை விட்டு மலைப்பூண்டு வாசம் போகாது. இடது ஆள்காட்டி விரலில் அரிவாள் வெட்டிய தழும்பு ஒன்று, வெள்ளைப் புழு மாதிரி. அவள் சோலி எளிதுதான். புத்தகத்தை மேசையில் விரித்து, இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, காலடியில் இருக்கிற பெடலை மிதிக்க வேண்டும். தலைக்கு மேலே தொங்குகிற கேமரா 'டக்'கென்று எடுக்கும். கேமரா பார்ப்பது அப்படியே பக்கத்தில் ஒரு சின்னத் திரையிலும் தெரியும். விரல் படத்துக்குள் வந்தால் ரிஜெக்ட்.

"இது என்ன?"

"என் விரல் இல்லீங்க மேடம். நல்லாப் பாருங்க, அதுல நக..."

"உன் விரல் இல்லாம என் விரலா? அந்த ரூம்ல வேற யாரு இருக்கா?"

மகாராணி இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள். "அந்தப் பொஸ்தகம் மட்டும் வேணாம் மேடம். வேற எதக் குடுத்தாலும் முடிச்சுட்டுப் போறேன். அது... நாம ஓரத்தப் புடிச்சா, அதுவும் திருப்பிப் புடிக்குது."

ஹரிகிருஷ்ணன் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் சுசித்ராவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. காலையில் வாங்கிக் கட்டிக்கொண்டதை எல்லாம் இறக்கி வைக்க ஒரு இடம் கிடைத்துவிட்டது.

"கத விடுறியா? விரல் இல்லாம அத்தனையும் திரும்ப எடு. முடிச்சாத்தான் கதவு. இல்லன்னா நாளையிலருந்து பூண்டுக்காட்டுலயே கெட."

அந்தப் பெண்ணை உள்ளே விட்டு, வெளியிலிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள். ஒரு மனுஷியை உள்ளே வைத்துத் தாழ் போட அவளுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று எனக்கும்தான் ஆத்திரமாக வருகிறது. ஆனால் போட்டாள்.

நாலு மணிகூட இருக்காது. பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது, யூகலிப்டஸ் மரங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன, தகரக் கூரையிலிருந்து சொட்டுகிற நீரும் ஈரக் காகிதத்தின் புளித்த வாசமும் தவிர உலகத்தில் வேறெதுவும் மிச்சமில்லை என்பது போல நூலகம் இருட்டிப் போனது.

ஹரிகிருஷ்ணன் பையை மாட்டிக்கொண்டார். "மேடம், பெருமாள்மலை பஸ்ஸ விட்டா எனக்கு வண்டி இல்ல. அந்தப் பொண்ணையும் விட்ருங்களேன், பூண்டி பஸ்ஸும் போயிரும்."

"உங்க சோலியப் பாருங்க சார்."

அவர் போனார். சுவருக்கு அந்தப்பக்கம் 'டக்'. மகாராணி மிதிக்க மிதிக்க, எடுத்த படம் சுசித்ராவின் கணினிக்கு வந்து விழுந்தது. முதல் படம் சுத்தம். அடுத்ததும் சுத்தம். மூன்றாவதில் விரல்.

"விரல்!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

டக். இப்போது இரண்டு விரல்.

வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்தாள். திமிர். சுவருக்கு அந்தப்பக்கம் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. தட்டட்டும். தழும்பைக் காட்டியே அவளைப் பிடித்துவிடலாம் என்று படத்தைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள், திரை முழுக்க அந்த விரல்நுனி வந்து நின்றது. தழும்பு இல்லை. நகமும் இல்லை.

ரேகைதான் இருந்தது. ஆற்று மணலில் காற்று கோடு போட்ட மாதிரி, சுழித்துச் சுழித்து, ஈரமாக.

சுசித்ரா தன் விரலை மேசைமேல் வைத்து அழுத்திப் பார்த்தாள். மேலிருந்து பார்த்தால் நகம் தெரிந்தது. எந்த மனுஷி எந்தக் காகிதத்தை அமுக்கினாலும் மேலே தொங்குகிற கேமராவுக்கு நகம்தான் தெரியும். ரேகை தெரிய வேண்டுமென்றால் கை கீழேயிருந்து வர வேண்டும். பக்கத்துக்கு அடியிலிருந்து.

நகத்தைப் பற்றித்தான் மகாராணி சொல்ல வந்தாள். சொல்ல விட்டோமா?

டக்.

ஓரங்களில் மகாராணியின் இரண்டு கைகளும் இருந்தன. நகம் வெளுக்க, தழும்பு இழுபட, பக்கத்தை இறுக்கிப் பிடித்திருந்தன. நடுவில், செடியின் வேர் இருந்த இடத்தில், மல்லாந்த உள்ளங்கை ஒன்று.

தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது?

டக்.

அந்த உள்ளங்கை மூடியிருந்தது. மகாராணியின் மணிக்கட்டைச் சுற்றி.

நாற்காலி கவிழ ஓடினாள். ஈரத்தில் கதவு ஊதித் தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது. இழுத்தாள். வரவில்லை. உள்ளங்கை தோல் கிழிய இழுத்தாள். "இந்தா வந்துட்டேன்... மகாராணி, இந்தா வந்துட்டேன்டி..."

கதவு திறந்தது.

யாரும் இல்லை. ஜன்னலில் இரும்புக் கம்பி. கம்பிக்கு வெளியே வெள்ளை. பெடலுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு, ஒழுங்காகக் கழற்றி வைத்தபடி. மேசைமேல் புத்தகம் மூடிக் கிடந்தது. அறை முழுக்கப் பூண்டு வாசம்.

தொட்டாள். அட்டை வெதுவெதுப்பாக இருந்தது. பூனையின் வயிறு மாதிரி.

விரித்தாள். பக்கத்தில் செடி. வேர். பழுப்பேறிய காகிதம். வேறொன்றும் இல்லை. மூச்சு வந்தது அவளுக்கு.

சின்னத் திரையைப் பார்த்தாள்.

திரையில் அதே பக்கம் இருந்தது. அதன்மேல் ஒரு கை, மணிக்கட்டு வரைக்கும், மல்லாந்து கிடந்தது. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வெள்ளைத் தழும்பு. விரல்கள் மூடி மூடித் திறந்தன. கூப்பிடுகிற மாதிரி. பிடித்துக்கொள்ள எதையோ தேடுகிற மாதிரி.

காகிதத்தைப் பார்த்தால் வெறும் செடி. திரையைப் பார்த்தால் கை.

ஓடிப்போயிருக்கலாம். கதவு திறந்துதான் கிடந்தது. ஆனால் தாழ் போட்டது அவள் கைதானே கண்ணுகளா. "எந்திரிச்சு வாடி!" என்று கத்தினாள். அப்போதும் கோபமாகத்தான் வந்தது. கத்திக்கொண்டே, திரையைப் பார்த்துக்கொண்டே, அந்தக் கை கிடந்த இடத்தில் தன் இரண்டு கையையும் காகிதத்தின்மேல் அழுத்தினாள்.

பிடித்தது.

சூடான கை. பூண்டு வாசம். தழும்பு தட்டுப்பட்டது. இழுத்தாள். உயிரைக் கொடுத்து இழுத்தாள். அசையவில்லை. இன்னொரு கை வந்து சேர்ந்தது. அது சில்லென்று இருந்தது. பிறகு இன்னொன்று. இன்னொன்று.

"விடு... விடு..."

குனிந்து பார்த்தாள். காகிதத்தின்மேல் அவளுடைய இரண்டு கைகள். கவிழ்ந்தபடி, வைத்தது வைத்தபடி. பத்து நகமும் தெரிந்தன.

திரையைப் பார்த்தாள்.

திரையிலும் அவளுடைய கைகள்தான். தாழ்ப்பாள் கிழித்த காயம். ரத்தம். அதற்குக் கீழே அவளுடைய ரேகைகள்.

நகம் ஒன்றுகூட இல்லை.

அவள் கால் பெடலில் இல்லை.

டக்.