நிற்காத சுருதி

சிலாவத்துறைக்கு அப்பால், செம்மண் மேடு கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் இடிந்து விழுகிற இடத்தில் அந்தப் பழைய பங்களா நின்றது. ஓட்டோவிலிருந்து இறங்கிய சிவலட்சுமி முதலில் பார்த்தது வீட்டையல்ல, வாசலில் கட்டியிருந்த பலகையை. ‘நாதசாந்தி நிலையம்’ என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தார்கள். இரண்டில் எழுத்துப்பிழை.

“பேரையே ஒழுங்கா எழுதத் தெரியாதவன் மூச்சைச் சீர்படுத்தப் போறானாம்,” என்றாள்.

“அக்கா, உள்ளுக்கு வந்து வாயைத் திறக்காதேங்கோ,” என்றாள் தங்கை கீர்த்திகா. அவ்வளவு சொல்வதற்குள் அவளுக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கியது.

கீர்த்திகாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு, மூச்சிழுப்பு. பாப்பாமோட்டையில் வயல்காரக் குடும்பமொன்றில் வாழ்க்கைப்பட்ட பிறகும், இன்ஹேலர் இல்லாமல் வரம்பில் இறங்கமாட்டாள். அப்படிப்பட்டவள் அதைத் தூக்கி எறிந்திருந்தாள். உலகத்துச் சங்கீதமெல்லாம் நானூற்று நாற்பது அதிர்வில் சுருதி சேர்க்கப்பட்டிருப்பதாம். அதனால்தான் மனிதருக்கு நோயாம். நானூற்று முப்பத்திரண்டுக்கு இறக்கினால் உடம்பு பிரபஞ்சத்தோடு சேர்ந்துகொள்ளுமாம். கைபேசியில் யாரோ சொன்னதைக் கேட்டு இங்கே வரத் தொடங்கியவள், போன கிழமை வயலில் உதடு நீலம்பாரித்து விழுந்தாள். புருஷன் மோட்டார் சைக்கிளில் அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். கண் விழித்ததும் அவள் சொன்னது, “பழைய அதிர்வு உடம்பை விட்டுப் போகுது, அதுதான்.”

சிவலட்சுமி மன்னார் ரவுணில் பள்ளிக்கூடமொன்றில் வயலின் படிப்பிக்கிறவள். ஆணுக்கு ஒரு கட்டை, பெண்ணுக்கு ஐந்து கட்டை, தொண்டை கட்டியிருந்தால் அரைக் கட்டை குறைத்து என்று சுருதியை மனிதருக்கு ஏற்ப மாற்றுகிற சங்கீதத்தில் வளர்ந்தவள். சுருதி தொண்டைக்கு, தொண்டை சுருதிக்கல்ல என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவாள். ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு கும்பிடுகிறவர்களை அவளால் மனிதராகவே மதிக்க முடியவில்லை. கைபேசியில் சுருதி அளக்கும் கருவியை ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். எல்லோர் முன்னாலும் நிலையக்காரனுடைய சத்தத்தை அளந்து காட்டி, தங்கையைக் கையோடு கூட்டிப்போவது என்பது அவள் முடிவு.

வேலியோரம் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார் ஆதம்பாவா. பங்களா அவருடையது. பக்கத்து வளவில்தான் குடியிருந்தார்.

“நீங்களும் சத்தம் கேக்கத்தான் வந்தீங்களோ?” என்று கேட்டார். அந்தச் சத்தத்தின் மேல் மரியாதை கொஞ்சமும் இல்லாத குரல்.

“சத்தத்தை நிப்பாட்ட வந்தனான்.”

ஆதம்பாவாவுக்குச் சிரிப்பு வந்தது. “இந்த வீட்டுக்கு இது புது வியாபாரம் இல்ல புள்ள. முத்துக்குளிப்புக் காலத்தில சுறாவைக் கட்டுறவன் எண்டு ஒருத்தன் இதில குந்தியிருந்தவனாம். குளியாக்கள் மூக்கைப் பிடிச்சிக்கிட்டுக் கடலுக்குள்ள இறங்கினதும் இவன் ஒரு சுரத்தைப் பிடிப்பான். அது நிக்கும் மட்டும் சுறா வாய் திறக்காதாம். சுரம் நிண்டா எல்லாரும் மேல வந்திரோணும். சுறாவுக்கு என்ன காது? சும்மா ஏமாத்து. ஆனா சனம் நம்பினது.”

“பிறகு?”

“ஒருநாள் வெள்ளைக்காரத் துரைமார் பாக்க வந்திரிக்காங்க. அவங்களுக்கு முன்னால தன்ர நெஞ்சுப் பலத்தைக் காட்ட நினைச்சு, நிப்பாட்டாமப் பிடிச்சிரிக்கான்.” ஆதம்பாவா கடலைப் பார்த்துத் துப்பினார். “சுரம் நிக்கல்ல. கீழ போனவங்களும் வரல்ல. நம்பினவங்கதானே.”

உள்ளே மணி அடித்தது. கீர்த்திகா அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

நிலையத்தை நடத்துகிற யசோதரன் கனடாவில் பல காலம் இருந்துவிட்டு வந்தவன். வெள்ளைச் சட்டை, கழுத்தில் மரமணி மாலை, யாரைப் பார்த்தாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து இரக்கப்படுகிற முகம். பாயில் ஏற்கெனவே பலர் படுத்திருந்தார்கள். கீர்த்திகாவின் அயல்வீட்டுச் சரவணமுத்தரும் அங்கே இருந்தார். மகனை இழந்த பிறகு நித்திரை வராத மனிதர்.

“பிள்ளை, நீயும் வந்திட்டியோ,” என்றார் சிவலட்சுமியிடம். “இதில படுத்தால்தான் எனக்குக் கண் மூடுது.”

அவரிடம் அவளால் கடுமையாகப் பேச முடியவில்லை. யசோதரனிடம் முடிந்தது.

“தொய்வுக்காரியை மருந்து விடச் சொன்னது நீங்களோ?”

“நான் ஒண்டும் சொல்லுறேல்லை,” என்றான் அவன், இரக்கத்தோடு. “மருந்து மூச்சைக் கட்டும். நாதம் மூச்சை அவிழ்க்கும். உடம்பே தெரிஞ்செடுக்கும். நீங்கள் சங்கீதக்காரி. உங்கட காதுக்குள்ள பிழையான சுருதி கனகாலமா ஊறியிருக்கு. கோபம் அதாலதான் வருது.”

அவள் தங்கையின் பாயருகே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். சன்னல்களைக் கறுப்புத் துணியால் இறுக்கி மூடினார்கள். வெளியே கொளுத்துகிற பின்னேர வெயில். உள்ளே ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியாத இருட்டு. வியர்வையும் ஊதுபத்தியும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த மணம். பெட்டி போன்ற பெரிய ஒலிபெருக்கியிலிருந்து தம்புராவும் அல்லாத, ஓர்கனும் அல்லாத ஒரு சத்தம் பரவியது.

சிவலட்சுமி கைபேசியை மடியில் வைத்துப் பார்த்தாள். முள் ஒரு இடத்தில் ஆடாமல் நின்றது.

நானூற்று நாற்பது.

அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இந்த மடையன் தன் மோசடியைக்கூடச் சரியாகச் செய்யவில்லை. உலகத்துக்கே நோய் தருகிறது என்று எந்த எண்ணைத் திட்டினானோ, அதையே போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாயில் கிடந்தவர்கள் அதைக் கேட்டுச் சுகப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து போய் ஒலிபெருக்கியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

“எல்லாரும் கேளுங்கோ,” என்றாள். “இவர் இவ்வளவு நேரமும் போட்டது நானூற்று நாற்பது. அளந்து வைச்சிருக்கிறன். வேணுமெண்டால் எழும்பி வந்து பாருங்கோ.”

யாரும் எழும்பவில்லை.

யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சத்தம் நிற்கவில்லை.

வயர் அவள் கையில் தொங்கியது. ஒலிபெருக்கியின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. சத்தம் மாத்திரம் இருந்தது. ஆனால் பழைய சத்தமல்ல. ஒரு மனிதக் குரல், வாய் மூடிப் பிடித்த கார்வை. நிலத்துக்குக் கீழிருந்து வந்து, கால் எலும்பில் ஏறி, கடைவாய்ப் பல்லில் நின்றது. பழக்கதோஷத்தில் அவள் கைபேசியைப் பார்த்தாள். முள் அடியில் செத்துக் கிடந்தது. கருவிக்கு எதுவும் கேட்கவில்லை.

அவளுக்குக் கேட்டது. எந்தச் சுருதி என்றும் தெரிந்தது. ஐந்து கட்டை. அவளுடைய தொண்டைக்கு, இரு பக்கமும் இழைத்தது போல, சரியாகப் பொருந்தியது.

நாற்றம் எழுந்தது. மீன் நாற்றமல்ல, கரையில் குவித்து அழுக விட்ட சிப்பியின் நாற்றம், தொண்டையில் போய் ஒட்டிக்கொள்வது.

“கீர்த்தி,” என்றாள். “எழும்பு. போவம்.”

கைபேசி வெளிச்சத்தைத் தங்கையின் பக்கம் திருப்பினாள்.

கீர்த்திகா மல்லாந்து கிடந்தாள். கன்னங்கள் உப்பியிருந்தன. வலது கையின் இரண்டு விரல்கள் மூக்கை இறுக்கிப் பிடித்திருந்தன.

பக்கத்துப் பாயிலும் அப்படியே.

அதற்கடுத்த பாயிலும்.

ஒருவர் நெஞ்சும் அசையவில்லை. முன்னால் சம்மணமிட்டிருந்த யசோதரனும், மரமணி மாலையோடு, மூக்கைப் பிடித்துக்கொண்டு இருந்தான். அவனுடைய கண்கள் திறந்திருந்தன. அந்தக் கண்களில் இப்போது யார் மீதும் இரக்கமில்லை; வெறும் பயம்.

சிவலட்சுமி தங்கையின் விரல்களை இழுத்தாள். வரவில்லை. கன்னத்தில் அறைந்தாள். அசையவில்லை. கத்தலாம் என்று வாயைத் திறக்கப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. ஏன் என்று யோசிக்க ஒரு கணம் எடுத்தது.

அவளும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கவில்லை.

எப்போதிருந்து என்று அவளுக்குத் தெரியவில்லை. நெஞ்சு நிறைந்திருந்தது. காதுக்குள் தண்ணீரின் கனம் இருந்தது. வலது கை தானாக மேலே வந்துகொண்டிருந்தது. அதிலே ஒரு சுகமும் இருந்தது. அதுதான் அவளைப் பயப்படுத்தியது. இந்தச் சுரம் நிற்கும்வரை உன்னை ஒன்றும் தீண்டாது, பொறுமையாக இரு என்று யாரோ பெரியவர் சொல்வது போன்ற சுகம். நம்பிவிடலாம் போலிருந்தது.

அவள் அந்தக் கையைக் கடித்தாள். பல் இறங்கி இரத்தம் வரும்வரை கடித்தாள். பிறகு தங்கையின் கக்கத்தில் கை கொடுத்து, பாய்களின் மேலும் மனிதர் கால்களின் மேலும் இழுத்துக்கொண்டு வாசலை நோக்கிப் போனாள். நெஞ்சு வெடிக்கும் போலிருந்தது. வாசற்படி தாண்டி இருவரும் வெயிலில், செம்மண்ணில் விழுந்தார்கள்.

கீர்த்திகாவின் கை மூக்கிலிருந்து விழுந்தது. அவள் இழுத்த மூச்சு ஓலம் போலக் கேட்டது. சிவலட்சுமி தன் பைக்குள்ளிருந்த புது இன்ஹேலரை எடுத்து அவள் வாயில் வைத்து அழுத்தினாள். கீர்த்திகா அதைப் பால்குடிப் பிள்ளை போலப் பற்றிக்கொண்டாள்.

ஆதம்பாவா வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடிவந்தார். “உள்ளுக்கு எத்தனை பேர்?”

அவள் திரும்ப எழுந்து படியில் கால் வைத்தாள். அந்த நேரம் சுரம் நின்றது. யாரோ களைத்துப்போய் விட்டது போல, அவ்வளவுதான். உள்ளேயிருந்து இருமலும் அழுகையும் கிளம்பின. ஆட்கள் தவழ்ந்துகொண்டு வெளியே வந்தார்கள். எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முதலில் வந்தவன் யசோதரன்.

சரவணமுத்தர் வரவில்லை.

அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். அவர் பாயில் அமைதியாகக் கிடந்தார். மூக்கைப் பிடித்த விரல்களைப் பிரிக்க ஆதம்பாவாவும் சேர்ந்து முயல வேண்டியிருந்தது. கை விலகியதும் அவருடைய வாயிலிருந்து தண்ணீர் வழிந்து பாயை நனைத்தது. சிவலட்சுமி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

மாரடைப்பு என்றார்கள். வயது போனவர், மகனை நினைத்து ஏங்கினவர், புழுக்கமான அறை. தண்ணீரைப் பற்றி அவள் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. செத்த வீட்டுக்கு யசோதரன் வந்தான். பிரேதத்தின் முன்னால் கைகூப்பி, “ஐயா ஆழ்ந்த சாந்தியில போய்ச் சேர்ந்திட்டார்,” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். பறை மேளத்தையும் மீறிச் சிவலட்சுமியின் குரல் கேட்டது.

“நீ அவரை மிதிச்சுக்கொண்டெல்லோ வெளியில வந்தனீ.”

அவன் தலையை ஒரு பக்கம் சாய்த்தான். அதற்குள் அந்த முகம் திரும்ப வந்துவிட்டிருந்தது.

கீர்த்திகா அதற்குப் பிறகு மருந்தை விடவில்லை. அந்த அறையைப் பற்றி ஒரேயொரு தடவைதான் பேசினாள். “அது வேற ஆற்றயும் குரல் இல்லை அக்கா. என்ர குரல்தான். நான்தான் பாடிக்கொண்டு கிடந்தனான்.”

நிலையம் மூடப்பட்டது. யசோதரன் கனடாவுக்குத் திரும்பிவிட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தொலைந்தான் என்று நினைத்துச் சிவலட்சுமி அவனை மறக்கத் தொடங்கியபோது, பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிற நிஸ்லா இடைவேளையில் கைபேசியை நீட்டினாள்.

“ரீச்சர், இதில நிக்கிறது நீங்கதானே?”

அந்த அறையின் மூலையில் அவன் ஒரு கமராவை ஓடவிட்டிருக்கிறான். ‘ஆழ்நிலைச் சாந்தி: நானூற்று முப்பத்திரண்டு. இலங்கைக் கடற்கரையில் நேரடிப் பதிவு.’ இருட்டுக்குள் நிழலாக அவள் எழுந்து போய் வயரைப் பிடுங்குவது தெரிந்தது. லட்சக்கணக்கில் கேட்டிருந்தார்கள்.

“சத்தத்தை நிப்பாட்டுங்கோ,” என்றாள் சிவலட்சுமி. பல்லுக்குள் அது தொடங்கிவிட்டிருந்தது.

நிஸ்லா விளங்காமல் அவளைப் பார்த்தாள். “சத்தம் போடவேயில்லையே, ரீச்சர்.”

சிவலட்சுமி கைபேசியை வாங்கிப் படத்தை நிறுத்தினாள். கீழே வரிசையாக நன்றிகள். இதயங்கள். கைகூப்பிய படங்கள். எந்த நாட்டிலோ இருக்கும் ஒரு தாய், சற்று முன்னர்தான் எழுதியிருந்தாள்: ‘இரவெல்லாம் வீறிட்டு அழுகிற பிள்ளை. இதைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். எவ்வளவு நிம்மதியான தூக்கம், மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. சின்ன விரலால் தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற அழகைப் பார்க்க வேண்டும்.’

அதன் கீழே யசோதரன் ஒரு தாமரைப் பூவைப் போட்டிருந்தான்.

‘பிள்ளையைத் தூக்குங்கோ, இப்பவே தூக்குங்கோ’ என்று சிவலட்சுமி எழுதி அனுப்பினாள். பாட மணி அடித்தது. பிள்ளைகள் வகுப்புகளுக்கு ஓடினார்கள். அவள் அந்த இடத்திலேயே நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் வரவில்லை. இதயங்கள் வந்துகொண்டிருந்தன.