ஷூ தட்டில் ஒரு காலி இடம்

படகை விட்டு இறங்கும்போது மதியச் சாப்பாட்டு நேரம்தான். அதற்குள் தீவில் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். வடக்கே அவ்வளவு தொலைவில் குளிர்காலத்துச் சூரியன் தலையைக் காட்டிவிட்டு நழுவிவிடும். துறையில் மீன்பெட்டிகள், டீசல் வாடை. அதைத் தாண்டி ஒற்றைத் தெரு, தெரு முடிகிற இடத்தில் பழைய மரவிடுதி, அதன் பின்னால் பனி மூடிய மலை.

அவள் வேடிக்கை பார்க்க வரவில்லை. கணவனும் அவளுமாக ஒரு சின்னப் பயண அலுவலகம் நடத்துகிறார்கள். பனியை டிவியில் மட்டுமே பார்த்திருந்த சில குடும்பங்கள், இந்த வருடம் சறுக்கியே தீருவோம் என்று ஒற்றைக்காலில் நின்றன. அவர்களைக் கூட்டி வருமுன் அறை, சாப்பாடு, சரிவு எல்லாவற்றையும் நேரில் பார்த்தாக வேண்டும். அந்த வேலையை யாரையும் நம்பி விட மாட்டாள். விட்டது ஒரே ஒரு தடவை, போன வருடம்.

போன வருடம் இதே தீவுக்குக் கணவனையும் தங்கையையும் அனுப்பினாள். தங்கைக்கு வீட்டில் வாலு என்று பெயர். இருக்கிற இடத்தில் இருக்க மாட்டாள். கணவன் மட்டும் திரும்பி வந்தான். படகில் பழக்கமான எவனோடோ வாலு போய்விட்டாள் என்றான். மறுநாள் வாலுவின் போனிலிருந்து, தன்னைத் தேட வேண்டாம் என்று செய்தியும் வந்தது. அம்மா இல்லாத வீட்டில் தலைவாரி, சோறு ஊட்டி அவள் வளர்த்த பெண். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே என்று வயிறு எரிந்தது. அவள் தேடவில்லை. பிடிவாதமாகத் தேடவில்லை. தங்கையின் துணிமணிகளை மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

இந்தத் தடவை அந்தத் தீவே வேண்டாம் என்று கணவன் தலைகீழாக நின்றான். காரணம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். குடும்பத்துக்கு நேர்ந்த அவமானத்தை நினைத்து மருகுகிறான் என்று அவள் பரிதாபப்பட்டாள். அந்தப் பரிதாபத்தை நினைத்தால்தான் பின்னாளில் அவளுக்குக் குமட்டும். அவன் வேறொரு கூட்டத்தோடு வெளியூர் போன சமயம் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டு வந்துவிட்டாள்.

விடுதியின் கீழ்த்தளத்தில்தான் சறுக்குச் சாமான்களை வாடகைக்குக் கொடுக்கும் அறை. ஈரக் கம்பளியும் மெழுகும் கலந்த வாடை. பொறுப்பாளரை எல்லோரும் பூட்ஸ்காரர் என்றார்கள், கலகலப்பான பேச்சுக்காரர். இங்கே ஒரே ஒரு சட்டம்தான் என்றார். சறுக்கப் போகிறவர்கள் வாடகை பூட்ஸை மாட்டிக்கொண்டு, தங்கள் ஷூவைச் சுவரோரத் தட்டில் விட்டுவிட வேண்டும். கடை சாத்துமுன் அவர் தட்டைப் பார்ப்பார். ஷூ கிடந்தால் ஆள் இன்னும் மலையில் என்று அர்த்தம். உடனே மணி அடிப்பார், ஊரே விளக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறும். தட்டு காலியென்றால் எல்லோரும் இறங்கியாயிற்று, நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

அவளுக்கு இந்த ஏற்பாடு பிடித்துப்போனது. குழந்தைகளை அழைத்து வருகிறவர்களுக்குச் சொன்னால் தெம்பாக இருக்கும்.

அப்போதுதான் தரையைப் பார்த்தாள். கடைசித் தட்டுக்கு முன்னால் இரண்டு ஈரத் தடங்கள். சறுக்கு பூட்ஸின் தடங்கள், தட்டைப் பார்த்தபடி. சீசன் இன்னும் தொடங்கவில்லை. விடுதியில் அவளைத் தவிர விருந்தாளி யாருமில்லை.

கூரை ஒழுகுகிறதா என்று கேட்டாள். பூட்ஸ்காரர் துணியை எடுத்துத் துடைத்தார்.

"போன குளிர்காலத்துலேர்ந்து இப்படித்தாம்மா. இருட்டுற நேரத்துல வந்து நிக்கும். எதையோ தேடிட்டுப் போயிடும்."

வருகிறவர்களுக்கெல்லாம் இப்படி ஒரு கதை சொல்லிப் பயம் காட்டுவார்கள் போல என்று சிரித்துக்கொண்டே மாடியறைக்குப் போனாள். படகில் வந்த அலுப்பு. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே மலை கருநீலமாகிக்கொண்டிருந்தது.

படியில் சத்தம் கேட்டது.

டக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் டக். சறுக்கு பூட்ஸ் கணுக்காலில் மடங்காது, போட்டுக்கொண்டு நடந்தால் கட்டையை ஊன்றுவது போல்தான் இருக்கும். பூட்ஸ்காரர் ஏதோ எடுத்து வருகிறார் என்று நினைத்தாள்.

சத்தம் அவள் கதவருகே வந்து நின்றது.

அவள் எழுந்து போய்த் திறந்தாள். நடையில் யாருமில்லை. நிலைப்படியில் ஈரம். எலுமிச்சை சோப்பின் வாடை மூக்கில் ஏறியது. அந்தச் சோப்புக்காக அவளும் வாலுவும் குளியலறை வாசலில் எத்தனை சண்டை போட்டிருக்கிறார்கள்.

காதுக்குப் பக்கத்தில், மூச்சுவிடுவது போல ஒரு குரல்.

"அக்கா, என் ஷூ எங்க?"

எப்படிக் கீழே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. போன வருடம் கடைசித் தட்டில் ஷூ விட்டது யார் என்று பூட்ஸ்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவர் மிரண்டுபோய்ச் சொன்னார். வாயாடிப் பெண் ஒன்று, அக்கா வீட்டுக்காரரோடு வந்தது. சாயங்காலம் அந்த ஆள் மட்டும் இறங்கி வந்தார். மச்சினிக்குக் கால் சுளுக்கிக்கொண்டது, வேறு பாதையில் இறங்கித் துறையில் உட்கார்ந்திருக்கிறாள், ஷூவைக் கொடுத்துவிட்டு பூட்ஸை வாங்கி வருகிறேன் என்று எடுத்துக்கொண்டு போனார். பூட்ஸ் திரும்பி வரவே இல்லை. ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று இவரும் நினைத்துக்கொண்டார்.

"தட்டு காலியா இருந்துச்சும்மா," என்றார். "காலியா இருந்தா நாங்க தேட மாட்டோம்."

அவள் மாடிக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து கணவனைக் கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீங்க' என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள்.

"அவ ஷூவை நீ ஏன் எடுத்தே?"

எந்த ஷூ என்று அவன் கேட்கவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. சுளுக்கு என்றான், வாலுதான் எடுத்து வரச் சொன்னாள் என்றான், பிறகு சொல்லிவிட்டான்.

"நான் கையைப் பிடிச்சதை உங்கிட்ட சொல்லிடுவேன்னு கத்தினா. நான் தள்ளல. அவளே பின்பக்கமா நகர்ந்துக்கிட்டே போயி, பள்ளத்துல விழுந்துட்டா."

"உசிரோட இருந்தாளா?"



"கூப்பிட்டுக்கிட்டே இருந்தா."

"உன்னையா?"

"இல்ல," என்றான். "உன்னை."

போன் கையிலிருந்து விழுந்தது. ஷூ தட்டிலேயே கிடந்திருந்தால் மணி அடித்திருக்கும். ஊரே விளக்கோடு ஏறியிருக்கும். அவள் தேடி வந்திருந்தால்கூட ஓர் உடலாவது கிடைத்திருக்கும். தேட வேண்டாம் என்ற செய்தியை எந்த விரல் தட்டியது என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவன் செய்தது துரோகம். அதை ஒரு கேள்வி கேட்காமல் நம்பிய தனக்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கீழே மணி அடிக்க ஆரம்பித்தது. பூட்ஸ்காரர்தான். ஒரு வருடம் தாமதமாக, நிறுத்தாமல் அடித்தார். தெருவில் கதவுகள் திறந்தன. விளக்குகள் ஒவ்வொன்றாக மலையில் ஏறுவது ஜன்னலில் தெரிந்தது. அவள் அவர்களோடு போகவில்லை. கம்பளிக்குள் சுருண்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மன்னிச்சிடு வாலு, மன்னிச்சிடு என்று எத்தனை தடவை சொன்னாளோ.

முதுகுப் பக்கம் கட்டில் மெல்ல அமுங்கியது.

அவள் அழுகை நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

சின்ன வயதில் இருவருக்கும் ஒரே கட்டில். மழைக்காலத்தில் வாலு தன் சில்லிட்ட பாதங்களைக் கொண்டுவந்து அக்காவின் கெண்டைக்காலில் ஒட்டிக்கொள்வாள். இவள் திட்டுவாள், காலை மட்டும் இழுத்துக்கொள்ள மாட்டாள். கொஞ்ச நேரத்தில் பாதங்கள் சூடேறிவிடும், வாலு தூங்கிவிடுவாள்.

கம்பளிக்குள் இரண்டு பாதங்கள் வந்து அவள் கெண்டைக்காலைத் தொட்டன.

அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே கிடந்தாள். எவ்வளவு நேரமாகியும் அந்தப் பாதங்கள் சூடேறவில்லை.