ஜீப்பை இழுத்த தொண்டை

அப்னா என்ற பத்து வயதுப் பிள்ளை ஒரு ஜீப்பைத் தன் தொண்டையால் இழுத்துக் கரையேற்றினாள். அதுவும் ஆள் ஏறியிருந்த ஜீப். நம்ப மாட்டீர்கள், தெரியும். கேதீஸ்வரன் சேரும் நம்பவில்லை. அவரோ அப்போது அந்த ஜீப்புக்குள்தான் உட்கார்ந்திருந்தார்.

அன்று சாய்ந்தமருதுக் கடலோரப் பள்ளிக்கூடத்தில் மரபுரிமைக் கண்காட்சி. வெற்றிலைத் தட்டம், பித்தளைச் செம்பு, செல்லரித்த ஏடு என்று பிள்ளைகள் மேசை மேசையாகப் பரப்பியிருந்தார்கள். அப்னாவின் மேசையில் ஒரு முழக் கயிறு மட்டும் கிடந்தது.

நடுவராக வந்த கேதீஸ்வரன் சேர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "இது என்ன பிள்ள?"

"கயிறு சும்மா அடையாளத்துக்கு, சேர். மரபுரிமை என்ட தொண்டையில இருக்கு. அம்பா. கரைவலை இழுக்கக்குள்ள எங்கட வாப்பா அடியெடுக்கிற பாட்டு."

சேர் தன் படிவத்தைக் காட்டினார். அதில் மூன்றே மூன்று கட்டங்கள்: கட்டடம், பொருள், ஏடு.

"இதில எதுக்குள்ள போடுறது? பாட்டை அலுமாரிக்குள்ள வைக்கேலாதே."

"ஜப்பான்ல நீளவால் சேவலையே சட்டம் போட்டுக் காக்கிறாங்க, சேர். கொரியாவில ஒரு நாயை. ஸ்பெயின்ல ஒரு தீவுல விசிலடிச்சே கதைக்கிறாங்க, அது உலகப் பட்டியல்ல இருக்கு. சேவலை அலுமாரிக்குள்ளயா வெச்சிருக்காங்க?"

"அது அவங்கட நாடு. இது என்ட படிவம்."

"எங்கட நாட்டுப் பொம்மலாட்டமும் அந்தப் பட்டியல்ல இருக்கு. உங்கட படிவத்துக்குத்தான் தெரியல்ல."

வகுப்பாசிரியை றிபா ரீச்சர் அவசரமாக இருமினார். சேர் 'தகுதியற்றது' என்று எழுதிவிட்டு நடந்தார்.

அப்னாவுக்கு வந்த கோபச் சூட்டில் ஊருக்கே அப்பம் சுட்டிருக்கலாம்.

"சேவலுக்கு இடமிருக்கு, நாய்க்கு இடமிருக்கு, எங்கட வாப்பாட பாட்டுக்கு இல்ல" என்று பக்கத்து மேசைப் பர்ஸானிடம் ஏழு தரம் சொன்னாள்.

"எனக்கேன் சொல்றாய்? நான் வெத்திலத் தட்டம்" என்றான் அவன்.

கண்காட்சி முடிந்தது. சேரின் ஜீப் கடற்கரை மணலில் குறுக்கே போனது. போன வேகத்தில் புதைந்தது. எவ்வளவு ஆழம்? நண்டுகள் கண்ணாடியில் தட்டி, யாரைத் தேடி வந்தீர்கள் என்று கேட்கும் ஆழம். கடலும் அலைக்கு அலை கிட்ட வந்தது.

பெரியவர்கள் எல்லோரும் தோணியோடு கடலில். ரீச்சர் நாற்பது பிள்ளைகளையும் கூட்டி வந்து, ஜீப்பில் வலைக் கயிற்றைக் கட்டினார். சப்பாத்து நனையும் என்று சேர் இறங்கவேயில்லை.

பிள்ளைகள் இழுத்தார்கள். ஒருவன் இழுக்கும்போது மற்றவன் மூச்சு வாங்கினான். பர்ஸான் மல்லாந்து விழுந்தான். ஜீப் அசையவில்லை.

அப்னா கை கட்டி நின்றாள். "தகுதியில்லாத பாட்டுக்காரி நான். என்னால என்ன ஏலும்?"

சாரதி மசூர் காக்கா முழங்காலில் நின்று, ஜீப்பின் சில்லடி மணலைக் கையால் தோண்டிக்கொண்டிருந்தார். "தண்ணி இஞ்சினுக்க போனா என்னைத்தான் வீட்ட அனுப்புவாங்க, மகள்."

அப்னா அவரைப் பார்த்தாள். அந்த மூன்று கட்டங்களைக் கீறியது இவர் இல்லையே. கட்டிய கையை அவிழ்த்துக் கயிற்றைப் பிடித்தாள்.

"நான் பாட்டுக்கு அடியெடுக்கன். நீங்க 'ஏலோ' எண்டக்குள்ள மட்டும் காலை வைங்க."

"கடலுக்கரசே, கயிறைத் தா..."

"ஏலோ!"

நாற்பது கால்கள் ஒன்றாக விழுந்தன. பல மைல் தள்ளியிருக்கும் இறக்காமத்து வயலில் களவாக நெல் தின்ற யானைகள்கூட, வாயிலிருந்த கதிரைப் போட்டுவிட்டு ஒரே சமயத்தில் ஒரு காலை எடுத்து வைத்தனவாம். நாலாவது 'ஏலோ'வில் ஜீப் மணலைக் கக்கிக்கொண்டு மேலே வந்தது.

"அலைதான் தள்ளினது" என்றார் சேர், உள்ளே இருந்தபடியே.

மசூர் காக்கா மெதுவாகத் திரும்பினார். "மறுகா ஒருக்காப் புதைச்சுப் பாப்பமா, சேர்? இந்த முறை பாட்டில்லாம."

சேர் கடலைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். பிறகு படிவத்தை எடுத்து, 'தகுதியற்றது' என்பதை வெட்டினார். மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில் கோணலாக நாலாவது கட்டம் கீறி, 'குரல்' என்று எழுதினார். இருக்கும் இடம்: அப்னாவின் தொண்டை.

"சாட்சி ஆரெண்டு போடல்லயே, சேர்" என்றாள் அப்னா. கோபம் இன்னும் கால்வாசி மிச்சமிருந்தது.

சேர் பெருமூச்சு விட்டு, கடைசி வரியையும் எழுதினார்: 'சாட்சி நானே. ஜீப்புக்குள் இருந்தேன். அலை இல்லை, இவள்தான்.'