மாடி போர்ஷனில் சிரிக்கிறவள்

ரீலின் கடைசியில் ஏஞ்சல் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். எடுக்கும்போது சிரிப்பை நிறுத்தி, முகத்தைத் தொங்கப்போட்ட பிறகுதான் கேமராவை அணைத்தாள். அது நன்றாக நினைவிருந்தது. போன் குளறுபடி என்று எரிச்சலோடு அப்படியே இன்ஸ்டாவில் போட்டுவிட்டாள். லைக் குவிந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

சிட்லபாக்கத்தில் அவர்கள் வீட்டு மாடி போர்ஷன் வாடகைக்கு ஆள் வராமல் பூட்டிக் கிடந்தது. கீழே அவள் படுக்கும் ஹாலில் சுவரெல்லாம் ஈரம் பூத்திருக்கும். மேலே புதுப் பெயின்ட், பெரிய ஜன்னல். பள்ளி விட்டதும் ரீல் எடுக்கச் சாவியோடு மேலே போய்விடுவாள். அதுதான் அவள் ரூம் என்று பிளஸ் ஒன் வகுப்பே நம்பியது. அங்கே சிரித்துவிட்டு இறங்கினால் கன்னம் வலிக்கும், யாரோடும் பேசப் பிடிக்காது.

"இன்ஸ்டால அப்டி சிரிக்கிற. வீட்ல மட்டும் மூஞ்சிய உம்முனு வெச்சிக்கிற" என்றாள் அம்மா அருள்மேரி, வெங்காயம் நறுக்கியபடி. "அந்தப் பொண்ணக் கொஞ்சம் கீழ அனுப்பேன்டி."

"அது சும்மா நடிப்பும்மா. இதுதான் நான்."

"எனக்கு அவளத்தான் புடிச்சிருக்கு."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஏஞ்சலுக்கு அழுகை முட்டியது. ஒரு தடவையாவது, என்னடி ஆச்சு என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்? எல்லா ரீலையும் அழித்துவிட நினைத்துப் போனைத் திறந்தாள்.

அவள் கணக்கில் லைவ் ஓடிக்கொண்டிருந்தது. மாடி அறை. வெள்ளைச் சுவர். அவள் முகம், சிரித்தபடி.

தலைக்கு மேலே யாரோ நடந்தார்கள்.

மாடிச் சாவி ஆணியில்தான் தொங்கியது. எடுத்துக்கொண்டு படியேறினாள். ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றில் ஆகாயத்தாமரை அழுகும் நாற்றம் வந்தது, தூரத்தில் மின்சார ரயில் தடதடத்து ஓய்ந்தது, அது ஓய்ந்த பிறகும் மேலே அந்தக் காலடி மட்டும் நிற்காமல் அறைக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. பூட்டைத் திறந்தாள்.

காலி அறை. பெயின்ட் வாசனை. அதற்கடியில் அவளுடைய பவுடர் வாசனை.

போனைப் பார்த்தாள். லைவில் அதே அறை. சிரிப்பவளுக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. வாசலில் யூனிஃபார்மோடு ஒருத்தி. தான்தான்.

"ஏஞ்சல்! சாப்ட வாடி!" கீழேயிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"இதோ வந்துட்டேம்மா!"

ஏஞ்சல் வாய் திறக்கவில்லை. குரல் காதோரம் கேட்டது.

ஏதோ உரசிக்கொண்டு போனது. கையில் சாவி இல்லை. கதவு சாத்திக்கொண்டது. வெளியே பூட்டு விழுந்தது. படிகளில் துள்ளலாக இறங்கும் கால்கள்.

"அம்மா! அது நான் இல்ல! கதவத் தொறம்மா!"

தட்டினாள். கத்தினாள். கீழே தட்டுகளின் சத்தம். அம்மாவின் சிரிப்பு. எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு.

"மேல இன்னாடி சத்தம்?"

"காலி போர்ஷன்மா. யார் இருப்பா? உன் போன்ல பாரு, என் லைவ்."

ஏஞ்சல் போனைப் பார்த்தாள். கண்ணீர் கழுத்துவரை வழிந்துகொண்டிருந்தது. திரையில் அவள் பளிச்சென்று சிரித்தாள். அம்மா, அம்மா என்று கதறினாள். திரையில் உதடுகள் முத்தமாகக் குவிந்தன.

"எவ்ளோ அழகா சிரிக்கிற!" என்றாள் அம்மா.

அருள்மேரி என்ற பெயரோடு ஒரு சிவப்பு இதயம் திரையில் மெல்ல மேலேறியது.